எழுத்தெல்லாம் தெரியும், சொல் மட்டும் வரவில்லை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிறைப் பகுதியிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் முதன்முறையாக முதலாம் ஆண்டு வகுப்பை ஏற்றிருக்கும் இளம் ஆசிரியை ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "என் வகுப்பில் 26 பிள்ளைகள். அவர்களில் எட்டுப் பேர் உயிர், மெய், உயிர்மெய் வரிசை எல்லாவற்றையும் தடுமாறாமல் ஒப்புவிக்கிறார்கள். எழுத்தட்டையைக் காட்டினால் பெயரையும் சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் 'பட்டம்' என்று வெண்பலகையில் எழுதினால் விழிக்கிறார்கள். பார்த்து எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுகிறார்கள். சொல்வதெழுதுதலில் ஒன்றும் வருவதில்லை. பெற்றோர் இன்னும் நிறைய எழுத்துப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார்கள். நான் எங்கே தவறு செய்கிறேன்?" பினாங்கில் முப்பது ஆண்டுகளாகக் கீழ் வகுப்புகளிலும், பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்பிலும் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த எட்டுப் பேருக்கும் நினைவாற்றலில் குறை ஏதும் இல்லை. 247 எழுத்துகளை வரிசையாகச் சொல்ல முடிந்த பிள்ளைக்கு நினைவாற்றல் குறைவு என்று யார் சொல்ல முடியும்? கையிலும் குறை இல்லை. பார்த்து எழுதும் அழகே அதற்குச் சான்று. ஆகவே, பெற்றோர் கேட்கிறார்களே என்று ஒவ்வோர் எழுத்தையும் பக்கம் பக்கமாக எழுதவைப்பது, நன்றாக இருக்கும் காலுக்குக் கட்டுப் போடுவதைப் போன்றது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: எழுத்துகளை ஒலியாகக் கூட்டும் திறன். அந்தத் திறன் வராமல் போவதற்கு, நாம் எழுத்துகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெயர்களே பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன.

மெய்யெழுத்தைத் தனியே ஒலிக்க இயலாது என்பதால் முன்னால் ஓர் இகரத்தை வைத்து இக், இங், இச் என்று கற்பிக்கிறோம். நமக்கு அந்த இகரம் வெறும் ஊன்றுகோல். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு அது எழுத்தின் உடம்பாகவே பதிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையிடம் 'பட்டம்' என்ற சொல்லை நீட்டினால், கற்றதை நேர்மையாகக் கூட்டி 'ப, இட், ட, இம்' என்று சொல்கிறது. இதை எவ்வளவு விரைவாகச் சொன்னாலும் 'பயிட்டயிம்' என்றுதான் வருமே தவிர, பட்டம் வராது. "வேகமாகச் சேர்த்துச் சொல், என்ன வருகிறது?" என்று நாம் வற்புறுத்த வற்புறுத்தப் பிள்ளை நம் முகத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கும். நான் பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் இப்படித்தான் வற்புறுத்திக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஆனா, ஆவன்னா' என்று கற்ற நம் தாத்தா பாட்டிகளின் தலைமுறைக்கும் இதே இடர் இருந்திருக்கும். அவர்கள் காலத்தில் வாசிக்க வராத பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிடும். அதனால் இந்தக் குறையை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கான மாற்றுவழி நம் யாப்பிலக்கணத்திலேயே இருக்கிறது. 'ஆழி வெள்வேல்' என்ற வாய்பாட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நீங்களும் படித்திருப்பீர்கள். ஆ, ழி, வெள், வேல் ஆகிய நான்கும் நேரசைகள், அதாவது ஒரே வீச்சில் ஒலிக்கும் ஒலித்துண்டுகள். புள்ளி வைத்த எழுத்தை யாப்பு தனியாக எண்ணுவதே இல்லை. தனக்கு முன்னுள்ள குறிலோடோ நெடிலோடோ ஒட்டி ஒரே அசையாக நிற்பதாகவே கொள்கிறது. குழந்தையின் காதும் இப்படித்தான் கேட்கிறது. 'பட்டம்' என்று சொல்லிக் கைதட்டச் சொல்லுங்கள்; எந்தப் பிள்ளையும் நான்கு முறை தட்டாது, 'பட்-டம்' என்று இரண்டே முறைதான் தட்டும். ஆகவே மெய்யெழுத்தைத் தனி எழுத்தாக அல்லாமல், முன்னெழுத்தின் வாலாகக் கற்பிக்க வேண்டும். ப, பட். ட, டம். ம, மண். அசை என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் சொல்லத் தேவையில்லை. 'வால் எழுத்து முன்னால் இருப்பவரைப் பிடித்துக்கொள்ளும்' என்றாலே போதும். நான் புள்ளியெழுத்துகளை மட்டும் வேறு நிற அட்டையில் எழுதி, இடப்புறத்து அட்டையின் மேல் ஓரம் ஏறி நிற்குமாறு வைப்பது வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடுத்த பாடவேளையில் அதே வகுப்பறைக்கு வரும் மலாய்மொழி ஆசிரியர் ஏற்கெனவே இந்த முறையில்தான் கற்பித்துக்கொண்டிருப்பார். 'பா-ஜு' என்று திறந்த அசைகளில் தொடங்கி, 'லம்-பு' என்று அடைத்த அசைக்குச் செல்வது மலாய் வாசிப்புப் பாடத்தின் இயல்பான ஒழுங்கு. 'லம்-பு' என்று மலாயில் தட்டுத்தடுமாறியாவது படித்துவிடும் பிள்ளை, 'அம்பு' என்ற தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் 'அ, இம், பு' என்று நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தமிழ் வாசிக்கத்தான் கடினம் என்று சில பெற்றோர் முடிவுகட்டுவதற்கு இந்தக் காட்சியே காரணமாகிறது. குறை மொழியில் இல்லை. நாம் பிரித்துக் கொடுத்த விதத்தில் இருக்கிறது.

எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்பது அடுத்த கேள்வி. உயிரெழுத்துகளில் தொடங்கி உயிர்மெய் வரிசைகளுக்குச் செல்வது நம் பாடநூல்களின் வழக்கமான போக்கு. அதை மீற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உயிரெழுத்துகளைச் சொல்லவும் அடையாளம் காணவும் அந்த வரிசையிலேயே கற்றுக்கொள்ளட்டும். ஆனால் அ, இ, ஈ போன்றவை கைக்கு மிகவும் கடினமான வடிவங்கள். மேலும் உயிரெழுத்து சொல்லின் தொடக்கத்தில் மட்டும் வருவதால், பன்னிரண்டையும் கற்று முடித்த பிள்ளையால் ஆ, ஈ, ஐ போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர வேறெதையும் வாசிக்க முடியாது. விசயதசமி அன்று கோயிலில் பச்சரிசியில் அகரம் எழுதியது நல்ல தொடக்கம்தான். மறுநாள் பென்சிலைப் பிடிக்கும்போது ட, ப, ம என்னும் நேர்கோட்டு எழுத்துகளைக் கொடுங்கள். இந்த மூன்றையும் அவற்றின் வால்களான ட், ம் இரண்டையும் வைத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம் ஆகிய நான்கு உண்மையான சொற்களை வாசித்துவிடலாம். துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா வந்துவிடும். ப் என்ற வாலும் சேர்ந்தால் பாப்பா. இகரக் குறியான மேல்விலங்கைச் சேர்த்தால் படி, மாடி, மாமி, பாட்டி. மூன்றாவது வார முடிவில் 'பாப்பா, பாடம் படி' என்று ஒரு முழு வாக்கியத்தையே பிள்ளை தானாக வாசிக்கும். அந்த மகிழ்ச்சியை எந்தப் பரிசும் தராது.

247 என்ற எண்ணைக் கேட்டுப் பிள்ளைகளை விடப் பெற்றோரே அதிகம் அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18. புள்ளி, துணைக்கால், இரண்டு மேல்விலங்குகள், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு ஆகிய குறிகள் 7. குறியைப் பிரித்தெடுக்க முடியாதவாறு உருமாறும் உகர, ஊகார எழுத்துகள் 36. ஆகக் கண்ணுக்குப் புதிய வடிவங்கள் ஏறத்தாழ 75 மட்டுமே. மற்றவை இவற்றின் சேர்க்கை. அந்த 36-ம்கூடக் குடும்பங்களாகப் பிரிகின்றன: சு, பு, யு, வு ஒரு குடும்பம், து, நு, லு, று மற்றொன்று, டு, மு, ரு, ளு இன்னொன்று. ஙகர வரிசையில் ங் என்ற வால் தவிர மற்றவற்றை ஒருமுறை சொல்லிக் கடந்துவிடலாம். ஙொ, ஙௌ எழுதிப் பழகியவர்கள் அதை எங்கே பயன்படுத்தினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம் பிள்ளைகளுக்கு இன்னொரு நற்பேறும் வாய்த்திருக்கிறது. ணை, லை, னை போன்றவற்றைத் துதிக்கை போட்டும், றா, ணா, னா ஆகியவற்றைச் சுழித்தும் எழுதிய பழைய வடிவங்களைத் தமிழக அரசு 1978-இல் சீர்படுத்தியது. பின்னர் மலேசியாவும் அதை ஏற்றுக்கொண்டது. தாத்தாவின் பழைய தேவாரப் புத்தகத்தில் மட்டுமே இன்று அந்தத் துதிக்கைகளைப் பார்க்கலாம்.

இவ்வளவும் முதலாம் ஆண்டிலேயே முடிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் எழுத்துமுறையை ஒத்த கன்னட எழுத்தைக் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகளைக் கற்கும் பணி மூன்றாம், நான்காம் வகுப்புவரை நீள்வதைக் காட்டியது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைச் சில மாதங்களில் முடித்துவிடும் பிள்ளையோடு தமிழ்ப் பிள்ளையை ஒப்பிடுவது பொருந்தாது. அதே வேளையில், தமிழில் ஒருமுறை கூட்டக் கற்றுவிட்டால் முன்பின் அறியாத சொல்லையும் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுத்தெல்லாம் தெரிந்த பிறகுதான் தொல்லையே தொடங்குகிறது.

காதுப் பயிற்சிக்கு நாள்தோறும் ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள். அரைமணிப் பாடவேளையில் அது பெரிய இழப்பு இல்லை. தமிழில் பொருளை மாற்றும் ஒலி வேறுபாடுகளில் குறில் நெடில், ஒற்று இரட்டித்தல் ஆகிய இரண்டும் தலையாயவை. படு, பாடு, பட்டு, பாட்டு என்ற நான்கு சொற்களும் இவ்விரண்டையும் ஒரே இடத்தில் காட்டிவிடுகின்றன. எழுத்தே காட்டாமல் வாயால் சொல்லுங்கள். நெடில் கேட்டால் பிள்ளைகள் இரு கைகளையும் அகல விரிக்கட்டும். இரட்டித்த ஒலி கேட்டால் உள்ளங்கைகளை இறுக அழுத்தி ஒரு கணம் நிறுத்தட்டும். இந்த விளையாட்டில் தடுமாறும் பிள்ளைகள்தாம் சொல்வதெழுதுதலிலும் 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று எழுதுவார்கள் என்பதைச் சில நாள்களிலேயே காண்பீர்கள்.

சொல்வதெழுதுதலைத் திருத்தும்போது எல்லாப் பிழைக்கும் ஒரே சிவப்புக் கோடு போடாமல், பிழை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 'பாடம்' என்பதைப் 'படம்' என்று எழுதினால் அது காதின் பிழை. மருந்து மேற்சொன்ன விளையாட்டு. 'கெண்டி' என்பதில் முதலில் ககரத்தை எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் போட்டால் அது வரிசைப் பிழை. க் என்ற ஒலியைத்தானே பிள்ளை முதலில் கேட்கிறது, அதனால் அதையே முதலில் எழுதுகிறது. கைப்பேசியில் தமிழைத் தட்டச்சு செய்யும்போது நாமும் ககரத்தை முதலில் தட்டி எகரத்தைப் பின்னால் தட்டுகிறோம். கொம்பு தானாக முன்னால் போய் நிற்கிறது. ஆகவே அது முட்டாள்தனம் அன்று, ஒலியை ஒழுங்காகக் கேட்டதன் அடையாளம். 'கொம்பர் எப்போதும் வாசலில் நிற்பவர்' என்று ஒரு கதை கட்டிச் சொன்னால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். மூன்றாவது வகைப் பிழை 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்றும், 'மரம்' என்பதை 'மறம்' என்றும் எழுதுவது. இங்கே காதைக் குறைகூறிப் பயனில்லை. நம் வீடுகளில் ர, ற இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ல, ள, ழ மூன்றையும் பிரித்து ஒலிப்பவர்கள் பெரியவர்களிலேயே குறைவு. இவை மீண்டும் மீண்டும் வாசித்துக் கண்ணில் பதிய வேண்டிய வடிவங்கள். ழகரத்தை ஒலிக்கக் கற்றுக்கொடுங்கள். ஆனால் முதலாம் ஆண்டில் இந்தப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதை நான் ஏற்கமாட்டேன். சரியான வடிவத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எழுத்துப் பயிற்சியைப் பற்றி ஒரு சொல். பெரிய சதுரக் கட்டம் போட்ட புத்தகத்தில் ஓர் எழுத்தை ஐம்பது முறை எழுதும் பிள்ளை, பத்தாவது முறைக்குப் பிறகு எழுத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கட்டத்தைத்தான் நிரப்புகிறது. வாயால் ஒலித்துக்கொண்டே ஐந்து முறை எழுதட்டும். அவற்றுள் தனக்குப் பிடித்த ஒன்றை வட்டமிடட்டும். பிறகு அந்த எழுத்து வரும் சொல் ஒன்றைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதட்டும். பார்த்து எழுதுவதற்கும் நினைத்து எழுதுவதற்கும் உள்ள தொலைவை இந்தச் சிறு மாற்றமே கடந்துவிடும்.

ககரம், தகரம், பகரம் முதலியவை இடத்துக்கு ஏற்ப வேறு வேறாக ஒலிப்பதை எப்படிக் கற்பிப்பது என்று சில ஆசிரியர்கள் கவலைப்படுவதுண்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு விதி சொல்லத் தேவையில்லை. பக்கம், பங்கு, பகல் என்று வாசிக்கும்போது அதன் வாயே ஒலியை மாற்றிக்கொள்ளும். வீட்டில் ஆங்கிலமோ மலாயோ பேசிவிட்டு வரும் பிள்ளைக்கு மட்டும், எழுத்தைக் காட்டும் முன் அந்தச் சொல்லைப் பலமுறை வாயாற் சொல்லிப் பழக்க வேண்டும்.

இனி, கூட்டிப் படிக்க வந்துவிட்ட பிள்ளைகளுக்கும் காத்திருக்கும் ஒரு தடையைச் சொல்ல வேண்டும். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக விளக்கினார்கள்: எழுத்தைக் கூட்டும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு, இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியமே. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இரண்டாவது திறன் உண்டு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது 'அம்மா கடைக்குப் போனாங்க' என்பது. புத்தகத்தில் இருப்பதோ 'அம்மா கடைக்குச் சென்றார்'. 'சென்றார்' என்ற சொல்லை எழுத்து எழுத்தாகச் சரியாகக் கூட்டிய பிள்ளையும், தான் கேட்டறியாத அந்தச் சொல்லை அடைந்தவுடன், தவறாகப் படித்துவிட்டோமோ என்று ஐயுற்று நின்றுவிடும். எழுத்து வழக்கு அதற்கு ஓரளவு வேற்றுமொழியே.

இந்த இடைவெளியைக் கடக்க நான் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, நாள்தோறும் ஆசிரியர் ஒரு கதையை எழுத்துத் தமிழிலேயே உரக்க வாசித்துக் காட்டுவது. விளக்கம் குறைவாக, ஒரே கதையைப் பல நாள். 'சென்றார், கண்டார், மகிழ்ந்தனர்' எல்லாம் எழுத்தில் வரும் முன்பே காதுக்குப் பழகிவிடும். மற்றொன்று, பிள்ளை பேசுவதையே பாடமாக்குவது. திங்கட்கிழமை காலையில் ஒரு பிள்ளை, 'நேத்து அப்பாகூட பசார் மாலாம் போனேன் டீச்சர், ரொட்டி சானாய் வாங்குனோம்' என்று சொல்லும். திருத்தாதீர்கள்; பேச்சைத் திருத்தப்பட்ட பிள்ளை அடுத்த வாரம் வாய் திறக்காது. வெண்பலகையில் 'நேற்று அப்பாவுடன் இரவுச் சந்தைக்குப் போனேன். ரொட்டி சானாய் வாங்கினோம்' என்று எழுதி, 'நீ சொன்னதைப் புத்தகம் இப்படிச் சொல்லும்' என்று வாசித்துக் காட்டுங்கள். 'போனேன்' என்பதைச் 'சென்றேன்' என்று மாற்ற வேண்டிய அவசரம் இல்லை. 'போனேன்' நல்ல தமிழ்தான். எழுத்து வழக்கு என்பது பேச்சுக்கு அருகில் தொடங்கி மெல்ல விலகிச் செல்லட்டும். அந்த வரிகளைப் படியெடுத்து அந்தப் பிள்ளையிடமே கொடுத்தால், அதுவே வீட்டில் பத்து முறை வாசிக்கப்படும் பாடமாகிவிடும்.

ஆத்திசூடியைப் பற்றியும் கேட்பீர்கள். அதை மனப்பாடம் செய்யட்டும், தாளத்தோடு சொல்லட்டும்; எழுத்து வரிசை மனத்தில் நிற்பதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் 'ஔவியம் பேசேல்' என்பதை வைத்து வாசிப்புச் சோதனை நடத்தாதீர்கள். மனப்பாடமாகத் தெரிந்ததை விரலால் தொட்டுச் சொல்வது வாசிப்பு அன்று.

மூன்று மொழிகளையும் ஒரே ஆண்டில் கற்பதால் வரும் குழப்பம் தமிழை விட உரோமன் எழுத்தில்தான் அதிகம். சி, ஏ, டி என்ற மூன்று எழுத்துகள் ஆங்கிலப் பாடத்தில் பூனையையும், மலாய்ப் பாடத்தில் 'சாட்' என்று ஒலித்துச் சாயத்தையும் குறிக்கின்றன. தமிழ் எழுத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே மற்ற மொழிகளுக்காகத் தமிழ் வாசிப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்று பெற்றோரிடம் துணிந்து சொல்லலாம்.

ஒரு பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிவது உங்கள் பொறுப்பு. 2010-இல் கல்வி அமைச்சு தொடங்கிய லினஸ் திட்டம் மலாய் எழுத்தறிவையும் எண்ணறிவையும் அளந்தது. 2013-இல் ஆங்கிலமும் சேர்ந்தது. தமிழ் வாசிப்புக்குக் கீழ் வகுப்பு ஆசிரியர்களாகிய நாங்கள் எங்கள் சொந்தக் குறிப்பேட்டையே நம்பினோம். 2019 முதல் முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளுக்குத் தேர்வுகள் நீக்கப்பட்டு வகுப்புசார் மதிப்பீடு வந்திருப்பதால் உங்களுக்கு அதற்கு நேரமும் உரிமையும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, பாடநூலில் இல்லாத பத்துச் சொற்களை வாசிக்கச் சொல்லி ஒரு நிமிடம் கேளுங்கள். பாடநூலில் இல்லாத சொல் என்பது முக்கியம்; பாடநூல் வரிகள் இரண்டாம் வாரமே மனப்பாடமாகியிருக்கும். வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளை ஒருநாள் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துச் சென்று, கடைகளின் தமிழ்ப் பலகைகளில் தெரிந்த எழுத்துகளைத் தேடச் சொல்லுங்கள். அன்று யார் வாசிக்கிறார்கள், யார் அடுத்தவர் வாயைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது தெருவிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் எட்டுப் பேரையும் இந்த வாரமே தனிக் குழுவாக உட்காரவைத்து, ப, ட, ம மூன்றிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். எழுத்துகள் தெரிந்தவர்கள் என்பதால் விரைந்து முன்னேறுவார்கள்; ஆறேழு வாரங்களில் பெரும்பாலோர் கூட்டிப் படிக்கத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகும் அசையாமல் ஒருவரோ இருவரோ நின்றால், கற்றல் சிக்கல் என்று எழுதிவைக்கும் முன் கண்ணையும் காதையும் பரிசோதிக்கப் பெற்றோரிடம் சொல்லுங்கள். அவை நன்றாக இருந்தால் குறைநீக்கல் ஆசிரியரிடம் கலந்துபேசி, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டுக்கான மதிப்பீட்டையும் கேளுங்கள். என் வகுப்பில் ஆறு மாதம் பின்தங்கியிருந்த ஒரு சிறுவன் கண்ணாடி அணிந்து வந்த நாளில், பலகையைப் பார்த்து, "சார், இவ்வளவு நாளா அங்கே புள்ளியெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டான்.